எவெலியோ ஷிகாயும் தொங்கிய கம்பமும்

சான் காசியானோவில் சூரியன் கிழக்கே உதிப்பதற்கே எவெலியோ ஷிகாயின் சம்மதம் வேண்டும். அவர் தலையாட்டாமல் எந்த வயரும் எந்தக் கம்பத்திலும் தங்காது. மின்னல்கூட இறங்குவதற்கு முன்னால், "தோன் எவெலியோ, எந்தப் பக்கமா இறங்கட்டும்?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுத்தான் இறங்கும். குவாத்தமாலாவிலேயே, ஏன், மெக்ஸிகோவில் ஆரம்பித்து பனாமா வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், கம்பிகளைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் கால்வாசி தெரிந்த ஆள் அகப்படமாட்டான். இதையெல்லாம் யார் சொன்னது? அவரேதான் சொன்னார். வேறு யார் மெனக்கெட்டுச் சொல்லப்போகிறார்கள்?

உள்ளதைச் சொன்னால், ஆள் குள்ளம். தொப்பியைப் போட்டுக்கொண்டு தெருவில் வந்தால் தொப்பிக்குக் கால் முளைத்து நடந்து வருகிற மாதிரி இருக்கும். கம்பியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. கம்பி மேலே இருக்கும், அதைக் கவைக்கம்பால் இன்னும் கொஞ்சம் மேலே தள்ளலாம். அவ்வளவுதான் அவருடைய கல்வி.

பெரிய வெள்ளிக்கிழமை காலையில், சிலுவை சுமந்த நாசரேத்தூர் ஆண்டவரைச் சப்பரத்தில் வைத்து ஊதா அங்கிக்காரர்கள் தோளில் தூக்கி வருவார்கள். ஊர் முழுக்க வீட்டுக்கு வீடு கரண்ட் வயரும் டிவி வயரும் துணி காயப்போட்ட கயிறு மாதிரித் தொய்ந்து கிடக்கும். சிலுவையின் நுனி மாட்டிக்கொள்ளும். அதனால் சப்பரத்துக்கு முன்னால் ஒருத்தர் நீளமான கவைக்கம்போடு நடப்பார். வயர் வந்ததும் கவையில் ஏந்தி உயர்த்துவார். ஆண்டவர் அடியில் போவார். பிறகு மெதுவாக இறக்குவார். அந்த ஒருத்தர்தான் எவெலியோ. இருபது வருஷத்துக்கு மேலாக அவர்தான்.

அவருக்கு அந்த வேலை கிடைத்ததும் பெருமைக்குரிய கதை கிடையாது. சப்பரம் தூக்குகிறவர்களை ஊர்வலம் நடத்துகிற சபையில் தோள் உயரம் அளந்துதான் வரிசையில் சேர்ப்பார்கள். இளவட்டமாக இருந்தபோது எவெலியோவும் மார்பை நிமிர்த்திக்கொண்டு போய் நின்றார். அளந்தவர், பின்னால் அவருக்கே மச்சானாகப் போகிற பவுதீலியோ துபாக். அளவுகோலைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார்.

"உன்னை வரிசையில நிறுத்தினா சப்பரம் உன் தலைக்கு மேல காத்துல போகும்ப்பா. நீ போய் அந்தக் கவைக்கம்பை எடு. அதுக்காவது உயரம் இருக்கு."

வேறு யாராக இருந்தாலும் அவமானத்தில் அழுதிருப்பான். எவெலியோ அதைப் பதவி உயர்வாக எடுத்துக்கொண்டார். மூங்கில் கம்புக்கு எண்ணெய் தடவினார். கவைக்குத் துணி சுற்றினார். கல்யாணமான பிறகு அது கட்டிலுக்கு மேலே ஆணியில் ஏறியது. மனைவி ஒட்டிலியா இதைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது.

"இந்த வீட்டுல எனக்கு இருக்கிற இடத்தைவிட அந்தக் கழிக்கு இடம் அதிகம்."

"அது ஆண்டவருக்கு முன்னாடி நடக்குது, ஒட்டிலியா. நீ சந்தைக்குத்தானே நடக்கிற."

இப்படி ஒரு பதில் சொல்லிவிட்டு அன்றைக்குச் சாப்பாடு எதிர்பார்க்கிற ஆள் என்றால், அறிவு எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ராஜவீதியை அகலப்படுத்திப் புதுத் தார் போடுவதென்று நகராட்சியில் முடிவானபோதுதான் வந்தது வினை. பழைய வீதியின் ஓரத்தில் நின்ற கம்பங்களெல்லாம் புது வீதியின் நடுவில் வந்துவிடும். அவற்றை முதலில் நகர்த்த வேண்டும். வேலை கேட்பதற்கு எளிது. கரண்ட்காரர்கள் புதுக் கம்பம் நட்டுத் தங்கள் லைனை மாற்றவேண்டும். அடுத்துக் கேபிள்காரர்கள் டிவி வயரை மாற்றவேண்டும். பிறகு பழைய கம்பத்தை எடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தார். இந்த வரிசை குலையாமல் ஒவ்வொருத்தரையும் கெஞ்சி, மிரட்டி, தேதி வாங்கி, வரவழைத்து நிறுத்த ஒரு ஒருங்கிணைப்பாளர் வேண்டும். படித்த ஆளை வைத்தால் சம்பளம் கேட்பான். மேயர் யோசித்தார். அவர் யோசிப்பது அபூர்வம். யோசித்தால் இப்படித்தான் முடியும்.

"கம்பின்னா நம்ம எவெலியோதானே!"

அப்படியே வேலையைக் கொடுத்துவிட்டார். கூடவே மஞ்சள் சட்டையும் ஒரு ஹெல்மெட்டும் கொடுத்தார்கள். ஹெல்மெட் மூக்கு வரைக்கும் இறங்கியது. அதை ஒரு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் எவெலியோ உலகத்தைப் பார்த்தார்.

அந்த வாரமே சபைக் கூட்டம். பவுதீலியோ இப்போது சபைத் தலைவர். தொந்தி ஒரு பக்கம், அதிகாரம் இன்னொரு பக்கம்.

"ராஜவீதியில இந்த வருஷம் சப்பரம் போகுமா, போகாதா? இப்பவே சொல்லிடு மாப்ளே."

"என்ன மச்சான் கேள்வி? என் கையில விட்டாச்சில்ல? கண்ணாடி மாதிரி ரோட்டுல ஆண்டவர் வழுக்கிக்கிட்டுப் போவார்."

"உன் கையில விட்டதாலதான்யா கேக்கறேன்."

சபையே சிரித்தது. எவெலியோவும் சேர்ந்து சிரித்தார். தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்பது அவருக்கு எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேரும்.

"சிரிக்காதே. வழி இல்லேன்னா சப்பரத்தைக் கசாப்புச் சந்து வழியாத் திருப்பணும். ஆண்டவரை ரத்தத் தண்ணியில கூட்டிக்கிட்டுப் போகணும். அந்த அசிங்கம் நடந்துச்சு, அடுத்த வருஷம் கவைக்கம்பு உன் கையில இருக்காது. என் அக்கா பையன் உன்னைவிட ரெண்டு முழம் உசரம். அவன்கிட்ட குடுத்துடுவேன். தங்கச்சி புருஷன்னுகூடப் பார்க்கமாட்டேன்."

எவெலியோ சிரிப்பை நிறுத்தினார். ஒருங்கிணைப்பாளர் வேலை போனால் போகட்டும், அந்த ஹெல்மெட்டை அவர் தலையே மதிக்கவில்லை. ஆனால் கம்பு போய்விட்டால்? பெரிய வெள்ளியன்று பெண்களோடும் பிள்ளைகளோடும் நடைபாதையில் நின்று, சர்க்கரை தடவிய வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டு, முன்னால் நிற்கிறவர்களின் முதுகுகளுக்கு நடுவே எட்டிப் பார்க்க வேண்டியதுதான். அவர் உயரத்துக்கு முதுகுகள் மட்டும்தான் தெரியும்.

அதனால் மறுநாளே வேலையில் குதித்தார். குதித்த லட்சணத்தைக் கேளுங்கள். ஒருங்கிணைப்பது என்றால் எல்லோரையும் ஒரே இடத்தில் சேர்ப்பது என்று அந்த மண்டைக்குள் பதிந்திருந்தது. கரண்ட்காரர்கள், கேபிள்காரர்கள், குழாய்க்காரர்கள், தார் போடுகிறவர்கள் எல்லாரையும் ஒரே நாள், ஒரே நேரம் வரச்சொன்னார். வந்தார்கள். ராஜவீதியில் லாரிக்குப் பின்னால் லாரி. முன்னால் நின்ற தார் லாரி நகர்ந்தால்தான் கரண்ட் லாரி உள்ளே வரமுடியும். கரண்ட் லாரி வேலை முடித்தால்தான் தார் லாரி வேலை ஆரம்பிக்கமுடியும்.

"யோவ், யாருய்யா இங்க பொறுப்பு?" என்று கத்தினார் ரோடு காண்ட்ராக்டரின் இன்ஜினியர் லெமுஸ்.

ஒரு விரல் ஹெல்மெட்டை உயர்த்தியது. "நான்தான்."

"எங்க? சத்தம் மட்டும் வருது."

"கீழ பாருங்க."

கடைசியில் ஒட்டிலியா தன் தலையில் அடித்துக்கொண்டு எல்லோருக்கும் கோழிக் குழம்பும் டோர்ட்டியாவும் பரிமாறினாள். சாப்பிட்டார்கள். ஏப்பம் விட்டார்கள். லாரிகளைப் பின்னோக்கி ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்கு ராஜவீதியில் இடம் மாறியது கோழிகள் மட்டும்தான்.

அதற்குப் பிறகு ஆள் கொஞ்சம் திருந்தினார். தினமும் கரண்ட் ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்தார். அவரைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய் அவர்கள் வந்து புதுக் கம்பங்களை நட்டு லைனை மாற்றினார்கள். கேபிள் கம்பெனி வில்மரும் ஏணியோடு வந்து ஒவ்வொரு கம்பமாக வயரை மாற்றிக்கொண்டே வந்தான். ரொட்டிக்கடை வாசல் கம்பம் ஒன்றுதான் பாக்கி. அங்கே வரும்போது சாயங்காலம். அன்றைக்குக் கால்பந்து இறுதிப் போட்டி.

ரொட்டிக்கடை டிவி முன்னால் பாதி ஊர் உட்கார்ந்திருந்தது. பவுதீலியோ முன்வரிசையில். எவெலியோ அவர் காலடியில் காப்பியும் ரொட்டியுமாக.

ஏணி உச்சியிலிருந்து வில்மர் குரல் கொடுத்தான். "தோன் எவெலியோ! தெருவுக்கே டிவி இந்தப் பெட்டியிலருந்துதான் போகுது. கழட்டினா எல்லா வீட்டுலயும் டிவி கட்டாயிடும். கழட்டவா?"

"கை வச்சேன்னா ஏணியை உருவிடுவேன்!" என்றார் பவுதீலியோ, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

வில்மர் அவரைக் கேட்கவில்லை. ஒருங்கிணைப்பாளரைத்தான் கேட்டான். ஒருங்கிணைப்பாளர் ரொட்டியைக் காப்பியில் தோய்த்தபடியே சொன்னார்: "ஆட்டம் முடியட்டும்ப்பா. என்ன அவசரம்?"

ஆட்டம் முடிந்தது. நம் ஆட்கள் பெனால்டியில் தோற்றார்கள். வில்மர் ஏணிப்படியில் உட்கார்ந்து அழுதான். பிறகு ஏணியை மடித்து வண்டியில் போட்டுக்கொண்டு, பெட்டியை மாற்றாமலே போய்விட்டான். யாரும் அவனைத் தடுக்கவில்லை. எல்லோருமே துக்கத்தில் இருந்தார்கள்.

மறுநாள் கரண்ட்காரர்கள் ரம்பத்தோடு வந்து பழைய கம்பங்களை அடியோடு அறுத்துக்கொண்டே போனார்கள். ரொட்டிக்கடை வாசல் கம்பத்தையும் அறுத்தார்கள். மற்றதெல்லாம் விழுந்தது; அது மட்டும் விழவில்லை. டிவி வயர்கள் பிடித்துக்கொண்டன. வயரைத் தாங்க வேண்டிய கம்பத்தை வயர் தாங்கிக்கொண்டு நின்றது. அடிப்பக்கத்தைத் துண்டு துண்டாக அறுத்தும், மேல்பாகம் இரண்டு ஆள் நீளத்துக்குக் காற்றில் ஆடியது.

"எங்களை அறுக்கச் சொன்னாங்க, அறுத்தோம்," என்றார்கள்.

இன்ஜினியர் லெமுஸ் பின்னாலேயே தார் போட்டுக்கொண்டு வந்தார். உருளை வண்டி வந்தபோது தொங்கிய கம்பத்தைக் கயிறு போட்டு ஓரமாக இழுத்துப் பிடிக்கச் சொன்னார். வண்டி போனதும் விட்டுவிடச் சொன்னார். "எனக்குத் தரைதான் காண்ட்ராக்ட். ஆகாசத்துல தொங்கறது என் கணக்கு இல்ல." எல்லோரும் தங்கள் தங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள். புத்தம்புது ராஜவீதிக்கு நட்டநடுவே, தரைக்கு ஒரு சாண் உயரத்தில், கம்பம் கோவில் மணியின் நாக்கு மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. அதன் பாரத்தில் தெரு வயரெல்லாம் சிலுவையைத் தட்டும் அளவுக்கு இறங்கிவிட்டது.

அந்த வாரம் ஊருக்கு நல்ல பொழுதுபோக்கு. யாரோ ஒரு தறுதலை அட்டையில் எழுதி அதில் மாட்டினான்: 'நகராட்சி ஊஞ்சல். திறந்துவைத்தவர் தோன் எவெலியோ.' எவெலியோ வந்து படித்தார். அட்டை கோணலாகத் தொங்கியது. அதை நிமிர்த்தி மாட்டிவிட்டுப் போனார். இப்படிப்பட்ட ஆளை எப்படிக் கிண்டல் செய்வது, சொல்லுங்கள்.

பிறகு போன் போட ஆரம்பித்தார். கரண்ட் ஆபீஸில் ஒரு அம்மா எடுத்தார். "அதுல எங்க லைன் இருக்கா? இல்லைல்ல? அப்ப அது கம்பமே இல்லீங்க. வெறும் கட்டை. கட்டையெல்லாம் நாங்க பாக்கறதில்ல."

கேபிள் ஆபீஸில், "கம்பம் எங்களோடது இல்ல சார். நாங்க அதுல குடக்கூலிக்குத் தொங்கினோம், அவ்வளவுதான்" என்றார்கள். கெஞ்சிக் கூத்தாடி வில்மரின் நம்பரை வாங்கினார். அதற்குள் புதன்கிழமை ஆகி, ஈஸ்டருக்கு முந்தின பாடுகளின் வாரத்துக்கு ஆபீஸெல்லாம் பூட்டியாகிவிட்டது. நாட்டில் பாதிப் பேர் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். வில்மர் போனை எடுத்தபோது அலை சத்தம் கேட்டது.

"வில்மர், ராசா, எங்கப்பா இருக்க?"

"தண்ணியில இருக்கேன் தோன்."

"எந்தத் தண்ணியில?"

"ரெண்டுலயும்."

"அந்தப் பெட்டியை மட்டும் வந்து மாத்திட்டுப் போயிடுப்பா. வெள்ளிக்கிழமை சப்பரம் வருது."

"நீங்கதானே தோன் ஆட்டம் முடியட்டும்னீங்க?"

"ஆட்டம் முடிஞ்சிருச்சேப்பா!"

"எனக்கு இன்னும் முடியலை தோன்," என்றான் வில்மர். குரல் உடைந்தது. போனும் கட்டாகிவிட்டது.

வயரை வெட்டிவிடலாம் என்று எவெலியோவுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் விடுமுறை நாளில் தெரு முழுக்க டிவியைக் கொன்றவன் அந்த ஊரில் உயிரோடு ஈஸ்டரைப் பார்க்கமாட்டான். அந்த அளவுக்கு விவரம் அவருக்கே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ராஜவீதி ஜனங்கள் புதுத் தார் மேல் சாயம் ஏற்றிய மரத்தூளில் கோலம் போட்டார்கள். ஊதா, மஞ்சள், பச்சை, நடுநடுவே பைன் இலையும் பூவும். ரொட்டிக்கடை முன்னால் கோலம் போட்டது ஒட்டிலியா. தொங்குகிற கம்பத்துக்கு நேர் கீழே மட்டும் எதுவும் தூவாமல், கறுப்பாக ஒரு வட்டத்தை விட்டுவிட்டாள்.

"இது என்ன?" என்று கேட்டார் எவெலியோ. ஊதா அங்கி போட்டு, கவைக்கம்பைக் கையில் பிடித்திருந்தார்.

"உங்க பதவி," என்றாள் ஒட்டிலியா.

அவர் கழுத்தை நிமிர்த்தினார். கம்பத்தின் உச்சியையே பார்த்தார். கவையால் ஒருமுறை முட்டுக்கொடுத்துப் பார்த்தார். மூங்கில் வளைந்ததே தவிர வயர் அசையவில்லை.

சாம்பிராணியும் சோக வாத்தியமுமாகச் சப்பரம் வந்தது. எவெலியோ முன்னால். ஒவ்வொரு வயராக ஏந்தினார், இறக்கினார். ரொட்டிக்கடைக்கு முந்தின வீட்டருகே வந்ததும் பவுதீலியோ கையை உயர்த்தினார். சப்பரம் நின்றது. தூக்குகிறவர்கள் நின்ற இடத்திலேயே இடதும் வலதுமாக அசைந்தார்கள். கசாப்புச் சந்து அங்கேதான் பிரிகிறது.

"மாப்ளே, திருப்பட்டுமா?"

கேட்ட விதத்தில் கோபம்கூட இல்லை. அதுதான் மோசம். எவெலியோ சந்துப் பக்கம் பார்த்தார். கம்பைப் பார்த்தார். பிறகு, இருபது வருஷமாக யாருடைய கையிலும் கொடுக்காத அந்தக் கழியை மச்சான் கையில் திணித்தார்.

"இதைப் பிடிங்க."

"எனக்கெதுக்குய்யா இது?"

"பிடிங்கன்னா பிடிங்க மச்சான். நான் தூக்கறப்போ வயர் மேல போகும். அப்ப கவையை முட்டுக் குடுங்க. ஆண்டவர் போற வரைக்கும் இறக்கிடாதீங்க."

கையில் கம்பில்லாத எவெலியோவை ஊர் முதல் தடவையாகப் பார்த்தது. பார்க்கச் சகிக்கவில்லை. ரொட்டிக்கடை வாசலில் கிடந்த சோடாப் பெட்டிகளை இழுத்துவந்து நடைபாதை ஓரமாக அடுக்கினார். ஓடிப்போய்க் கம்பத்தைக் கட்டிப்பிடித்தார். தள்ளினார். அது அவரைத் திருப்பித் தள்ளியது. குடிகாரனோடு நடனமாடுகிற மாதிரி இருந்தது. யார் குடிகாரன் என்றுதான் தெரியவில்லை. ஒருத்தரும் உதவிக்கு வரவில்லை. தெருவே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. தன்னந்தனியாக அதை ஓரத்துக்குத் தள்ளி, அடியைத் தூக்கிப் பெட்டிகளின் மேல் நிறுத்தி, தானும் ஒரு பெட்டியில் ஏறி, சாய்ந்துவிடாமல் கட்டிக்கொண்டார். பாரம் குறைந்ததும் வயர்களெல்லாம் மேலே எழும்பின. பவுதீலியோ தொந்தியை உள்ளிழுத்துக்கொண்டு கவையைக் கொடுத்து உயர்த்தினார்.

சப்பரம் நகர்ந்தது. அதற்கு அவசரமே கிடையாது. ஒரு அடி வைக்கும், அசையும், இன்னொரு அடி வைக்கும். எவெலியோவின் கன்னம் தார் பூசிய மரத்தில் அழுந்தியிருந்தது. முகம் சுவர்ப்பக்கம். சிலுவை தன் முதுகுக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில் போவதை அவர் பார்க்கவில்லை. மரத்தூளில் கால்கள் உரசுவது கேட்டது, மேளம் கேட்டது, யாரோ ஒரு கிழவி விசும்புவது கேட்டது. அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் ஆண்டவர் போவதை எவெலியோ பார்க்காத இடம் அந்த ரொட்டிக்கடை வாசல் ஒன்றுதான். முட்டாளுக்கு அதுவும் பெருமையாகத்தான் இருந்திருக்கும்.

பேண்டு வாத்தியம் தாண்டியதும் பவுதீலியோ வேர்த்து வடிந்தபடி வந்து கம்பை அவர் நெஞ்சில் சாத்தினார்.

"பிடி. இந்த ஒரு வாசலுக்கே தோள்பட்டை கழண்டு போச்சு. வருஷா வருஷம் இதை எப்படிய்யா தூக்கற?"

"உசரமானவங்களுக்கு வலிக்கத்தான் செய்யும் மச்சான்," என்றார் எவெலியோ.

கம்பை வாங்கிக்கொண்டு, ஒரு பக்கக் கன்னம் கறுப்பாக, சப்பரத்தின் முன்னால் போய்ச் சேர ஓடினார். அடுத்த வருஷம் யார் தூக்குவது என்ற பேச்சைப் பவுதீலியோ அதற்குப் பிறகு எடுக்கவில்லை. ஈஸ்டர் முடிந்து வில்மர் வெயிலில் கருகித் திரும்பினான். ஒரு காப்பி குடிக்கிற நேரத்தில் பெட்டியை மாற்றிக் கம்பத்தை இறக்கிவிட்டான். தான் முன்கூட்டியே திட்டம் போட்டுத்தான் அந்தக் கம்பத்தை விட்டுவைத்ததாக எவெலியோ இப்போது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஊர் அப்படி.

இதையெல்லாம் எழுதியபின், ரொட்டிக்கடை வாசலில் வைத்து அவருக்கே வாசித்துக் காட்டினேன். குள்ளம் என்று வந்தபோது தலையாட்டினார். அறிவு எவ்வளவு என்று வந்தபோது ரொட்டியைக் கடித்தார். ஊஞ்சல் அட்டை வந்தபோது சிரித்தார். சப்பரம் தாண்டிப் போன இடம் வந்ததும் கையைத் தூக்கினார்.

"நிறுத்து. கம்பத்தைத் தூக்கின இடத்துல பொய் சொல்லியிருக்க."

"எது தோன்? குடிகாரன்னு எழுதினதா?"

"அது உண்மைதான். ஒருத்தரும் உதவிக்கு வரலைன்னு எழுதியிருக்க பாரு, அது. ரெண்டு ஆள் நீள மரத்தை நான் ஒருத்தனாவா தூக்கினேன்? என்னை என்ன மாடுன்னு நினைச்சியா?"

"நீங்கதானே தோன் எல்லாத்தையும் நான்தான், நான்தான்னு சொல்லுவீங்க? அதான் பெருசா எழுதினேன்."

"நான் பெருசாச் சொன்னா அது என் வாய். நீ எனக்காகப் பொய் எழுதாத." கையிலிருந்த ரொட்டித்தூளைத் தட்டிவிட்டார். "பெட்டி மேல ஏறினப்ப நான் சாயப் பார்த்தேன். கம்பத்துக்கு அடியில தோளைக் குடுத்துத் தூக்கிவிட்டு, அப்புறம் பின்னால நின்னு என் இடுப்பைக் கட்டிப் பிடிச்சிருந்தது யாரு?"

"யாராவது இருக்கும்."

"முகம்தான் சுவர்ப்பக்கம் இருந்துச்சு, முதுகு இங்கதான் இருந்துச்சு. சப்பரம் தாண்டற வரைக்கும் என் அங்கியில மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டு மூக்கை உறிஞ்சினியே, அதையும் எழுது. கிழவி விசும்பினாளாம், கிழவி! சாம்பிராணிப் புகைன்னும் சொல்லிடாத. காத்து அன்னைக்கு எதிர்ப்பக்கம் அடிச்சுது."